புதினாக் கீரையும் அதன் சத்தும்

ஆவடிக்கு அருகிலுள்ள நெமிலிச்சேரி போன்ற ஊர்களில், ஈரமான கிணற்றடியில் ஓரிரு தண்டு நட்டாலே புதினா படர்ந்துவிடும். எனினும் அதனை வாசனைப் பொருளாகக் கொள்வோரே பலர். கீரையாகக் கொள்வோர் சிலர். (மிட்டாய்க்கு மணமூட்டும் பெப்பர்மிண்ட் இதன் உறவினமேயன்றி இதுவன்று.)

குன்னூரில் 1918-இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறிய போஷணை ஆராய்ச்சி நிலையத்தாரின் அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைப் புதினாவில் சுண்ணாம்புச் சத்து 200 மில்லிகிராமும், ‘சி’ ஜீவசத்து 27 மில்லிகிராமும், உடலில் ‘ஏ’ ஜீவசத்தாக மாறும் கரோட்டின் 1,620 மைக்ரோகிராமும் உள்ளன. ‘ஏ’ ஜீவசத்துக் குறைவினால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வருமாதலின் இது கவனிக்கத்தக்கது.

ஆயினும் 100 கிராம் புதினாவை ஒருவர் ஒரே நாளில் உண்பதேது? துவையலில் ஒருவருக்குக் கிட்டுவது 10 கிராம் என்று கொண்டால், சுண்ணாம்புச் சத்து 20 மில்லிகிராமே. சிறு குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டுவதோ சுமார் 500. முருங்கைக் கீரையில் கரோட்டின் இதனினும் நான்கு மடங்கு உண்டு. ஆகவே புதினா முருங்கைக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

இலையை நெடுநேரம் வதக்கினால் ‘சி’ ஜீவசத்து பெரும்பாலும் அழியும். பச்சையாக அரைத்துத் தேங்காய் சேர்த்தல் நலம். தேங்காயின் கொழுப்பு, கரோட்டினை உடல் ஏற்க உதவும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கீரையிலுள்ள இரும்புச் சத்தும் உடலில் நன்கு சேரும். பச்சையாக உண்ணும் கீரையாதலால், சாக்கடை நீர் பாயும் பாத்தியில் புதினா நடலாகாது. இலைகளை நல்ல நீரில் மும்முறை அலசிய பின்னரே அரைத்தல் வேண்டும்.