நடைக் கணக்கு

நேற்று போனில் பேசும்போது, "இன்னைக்கு மட்டும் மூணு தடவை கீழே இறங்கிட்டேன்க்கா" என்றாய். காலையில் பால், பத்து மணிக்குக் கொத்தமல்லி, சாயங்காலம் மாமாவுக்கு மாத்திரை. அதே மூச்சில், "ஸ்கேனை ஆடி கழிச்சுப் பார்த்துக்கலாம்னு அத்தை சொல்றாங்க, ஆஸ்பத்திரில கூட்டமாம்" என்றாய். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொத்தமல்லிக்கு ஒரு நடை போகலாம், வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேனுக்குப் போகக் கூடாதா? போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வை. அத்தையும் படிக்கட்டும்.

இங்கே திருச்சியில் கொரோனாவுக்குப் பயந்து நாங்கள் நடைக்குக் கணக்கு வைத்திருக்கிறோம். வாரத்துக்கு மூன்று நடைதான். போய் வந்ததும் தினசரி காலண்டரில் ஒரு புள்ளி. கடைக்குப் போவதில் மிச்சம் பிடிப்பதையெல்லாம் டாக்டரிடம் போகச் செலவழிக்கிறோம். நீ இப்போது செய்வது தலைகீழ்க் கணக்கு.

அந்தத் தலைகீழ்க் கணக்கைப் போன வருஷம் நானும் போட்டேன். உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததிலிருந்து நாலு மாதம் அப்பாவைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப் போகவே இல்லை. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்ததில் கால் விரலில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், வலி தெரியாது. வாடை வந்த பிறகுதான் பார்த்தோம். அந்த நாலு மாதத்தில் கடைக்கு மட்டும் நான் நாற்பது நடையாவது போயிருப்பேன். அப்பாவின் விரலை எடுத்த அன்றுதான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது.

அதனால் முதலில் ஸ்கேன். உனக்கு இப்போது பதினேழாவது வாரம். குழந்தையின் முதுகெலும்பு, இதயம், மூளை எல்லாம் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனைப் பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆடி முடியும்போது உனக்கு இருபத்துமூன்று வாரம் ஆகிவிடும். ஏதாவது குறை தென்பட்டால் அடுத்து யோசிக்க நாள் இருக்காது. இது நாள் நட்சத்திரம் பார்த்துத் தள்ளிப்போடும் காரியம் இல்லை என்று அத்தையிடம் நானே பேசுகிறேன். இருபத்துநாலாவது வாரத்துக்கு மேல் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். அப்பா வழியில் சர்க்கரை இருக்கிறது, அதையும் விட்டுவிடாதே.

ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு, காலை முதல் டோக்கன் கேள். முதல் ஆளாகப் போனால் முந்தின ஆட்கள் விட்ட மூச்சு அந்த அறையில் நிற்காது. காய்ச்சல்காரர்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள். உள்ளே ஏசி போட்டுக் கதவடைத்த ஹாலில் உட்கார வேண்டாம். ரிசப்ஷனில் நம்பரைக் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியிலோ வண்டியிலோ இரு, கூப்பிடுவார்கள். துணைக்கு மாப்பிள்ளை ஒருவர் போதும். என்95 மாஸ்க்கை மூக்குக் கம்பியை அழுத்திப் போடு. அங்கே எதையும் சாப்பிடாதே. பசிக்கும் என்றால் கிளம்பும் முன் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. கையெழுத்துப் போட உன் பேனாவையே எடுத்துப் போ.

எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டியதில்லை. வாந்தி, நெஞ்செரிச்சல், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் காட்டுவது இதற்கெல்லாம் போனே போதும். அரசாங்கத்தின் இ-சஞ்சீவனியில் காசில்லாமல் வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம். போனுக்கு ஓடிபி வரும், டோக்கன் வரும், பேசி முடித்ததும் மருந்துச் சீட்டும் வரும். ஆனால் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். முந்தின நாளே மூன்று கேள்வியை எழுதி வை. மாத்திரை அட்டையை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வை. மாமாவுக்குப் பேசுவதானால் ஒரு வாரத்துச் சர்க்கரை அளவும் பிரஷரும் தேதியோடு ஒரு தாளில் இருக்கட்டும். அந்தத் தாள் இருந்தால் டாக்டர் உண்மையிலேயே மருந்தைக் கூட்டிக் குறைக்க முடியும். இல்லாவிட்டால் 'அதையே சாப்பிடுங்க' என்பதோடு முடிந்துவிடும்.

மாமாவும் சர்க்கரைக்காரர், அவர் பாதத்தை ராத்திரி படுக்கும் முன் யாராவது பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம். அவர் கூச்சப்படுவார், மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். சின்னப் புண் என்றாலும் மறுநாள் டாக்டர். நெஞ்சு வலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை விழுந்துபோவது இவற்றுக்குக் கொரோனா பயம் பார்க்கவே கூடாது, உடனே 108. உனக்கும்தான். ரத்தம் பட்டாலோ, வயிற்றில் அசைவு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு அது குறைந்தாலோ, விடியட்டும் என்று உட்காராதே.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் மாமாவுக்கு 91 காட்டியது என்று அன்று அலறினாயே, அவர் கை குளிர்ந்திருக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். நகச்சாயமோ மருதாணியோ இருந்தாலும் அளவு தப்பும். அப்படியும் 94-க்குக் கீழே நின்றால் டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான்.

தடுப்பூசி பற்றிப் போன வாரம் கேட்டாய். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு இந்த 2021 ஜூலை 2-ஆம் தேதி சொல்லிவிட்டது. உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டுக்கொள். வயிற்றில் பிள்ளையோடு கொரோனா வந்தால் தாய்க்கு அது கடுமையாகப் போகும் வாய்ப்பு அதிகம். அதுதான் எனக்குப் பயம், ஊசி இல்லை. இறுக்கமான கை வைத்த சுடிதார் வேண்டாம், தோள்வரை ஏற்றிவிட முடிகிற மாதிரி தளர்வாகப் போடு. போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், காற்றோட்டமான இடமாகப் பார்த்து உட்கார். இந்த 2021 விதிப்படி கோவிஷீல்டு என்றால் அடுத்தது 84 நாள் கழித்து, கோவாக்சின் என்றால் 28 நாள். தேதியை அங்கேயே போனில் குறித்துக்கொள்.

கடைச் சமாச்சாரம் சுருக்கமாக. நீ முகப்பேரில் இருப்பவள், உனக்குத் தெரியாததா? போன வருஷம் கோயம்பேட்டில் கொரோனா பரவியதால் மே 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூடி, திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். கத்திரிக்காயிலிருந்து வரவில்லை அது, கூட்டத்தில் நின்ற மனுஷர்களின் மூச்சிலிருந்து வந்தது. ஆகவே பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போட்டுக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. காய்க்கு நல்ல தண்ணீர் போதும், சோப்பும் சானிடைசரும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. வந்ததும் கையை இருபது விநாடி நுரைக்கக் கழுவு. சானிடைசர் தடவிய கை காயும் முன் அடுப்புப் பக்கமோ விளக்குப் பக்கமோ போகாதே, அது தீப்பிடிக்கிற சரக்கு. தெருவுக்கு வரும் காய் வண்டியில் வாழைக்காய், சேனை, பூசணி, பீட்ரூட் என்று தாங்குகிற காயாக வாங்கி, வாரக் கடைசிக்கு வை. வெண்டை, கீரை முதல் ரெண்டு நாளிலேயே தீரட்டும். மாமாவின் மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கு. அட்டையில் கடைசி ஏழு மாத்திரை இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடு.

கொத்தமல்லிக்கு வருகிறேன். அதற்குத்தான் மாடி இருக்கிறதே! கடையில் வாங்கும் தனியாவையே உள்ளங்கையால் தேய்த்து ரெண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவு. பத்து நாளில் முளைக்கும், நாற்பது நாளில் கிள்ளலாம். வெந்தயத்தைப் பழைய பிளாஸ்டிக் டப்பில் போட்டால் மூன்று வாரத்தில் கீரை. புதினாவுக்கு விதையே வேண்டாம், கடைக்கட்டில் முற்றின தண்டை ஊன்றினால் போதும். பூனை வந்து போகிற மாடி அது, மண்ணில் கை வைக்கும்போது கையுறை போடு. பூனைக் கழிவில் இருக்கும் கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதே, டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

செடி பார்க்கிற வேலை பொழுதுபோக்குக்கு என்று தொடங்கினேன். அப்பாவுக்கு அந்த விரல் போன பிறகு வெளியே வரவே மனசில்லாமல் அறைக்குள்ளேயே கிடந்தார். இப்போது செருப்பு மாட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்து மணத்தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மாமாவையும் கூப்பிடு. மத்தியானம் செய்தி சேனலை அணைத்துவிட்டுக் குரோஷா ஊசியை எடு. அம்மா வீடியோ காலில் சங்கிலிப் பின்னலிலிருந்து சொல்லித் தருகிறேன் என்கிறாள். பிள்ளைக்குக் குல்லாவுக்குப் பருத்தி நூலாக வாங்கு, கம்பளி சென்னை வெயிலுக்கு வேர்க்குரு கொண்டுவரும். நூல் வாங்க என்று தனியாக ஒரு நடை வேண்டாம், மாத்திரை வாங்கப் போகும் அன்றைக்கே வாங்கு.

வளைகாப்புக்கு நான் வருவேன். ரெண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. மொட்டை மாடியில், நம் ரெண்டு வீட்டு ஆட்கள் மட்டும், காற்றாட வைத்துக்கொள்ளலாம். ஊரைக் கூட்டி வளையல் அடுக்கும் ஆசை இப்போது வேண்டாம் என்று அத்தையிடம் நான் பேசிப் புரியவைக்கிறேன்.

இன்றைக்கு முதல் வேலை ஸ்கேன் சென்டருக்குப் போன். பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடக்கும் வாரத்தில், காலை முதல் டோக்கன். தேதி கிடைத்ததும் எனக்கு மெசேஜ் போடு. உன் காலண்டரில் அந்த நாளுக்கான புள்ளியை இப்போதே வைத்துவிடு.