சிங்கப்பூருக்கு வரும் பெற்றோருக்கு ஊர் காட்டும் முறை

அல்லிநகரத்திலிருந்து வரும் பெற்றோருக்குச் சிங்கப்பூரைக் காட்டும் பிள்ளைகள் கருத வேண்டியவை:

• மெல்லும் புகையிலை அங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால், வெற்றிலைப் பையில் அது இல்லாதபடி புறப்படும் முன்பே பார்த்து எடுத்துவிட வேண்டும்.

• 1827இல் நிறுவப்பெற்ற சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து தொடங்கினால், தங்கள் ஊர்ப்பக்கத்து வீரபாண்டி கௌமாரியம்மனை வணங்கிப் பழகியவர்களுக்குப் புதிய ஊர் என்னும் கூச்சம் விரைவில் விலகும்.

• எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால், எஸ்கலேட்டர் எனப்படும் நகரும் படிக்கட்டில் கால்வைக்கத் தயங்குவோரை வற்புறுத்தாமல் லிஃப்டிலேயே அழைத்துச் செல்வது நலம்.

• நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்றாகையால், தமிழ் அறிவிப்புப் பலகைகளைப் பெற்றோரே வாசித்து வழி அறியவும், தேக்கா சந்தையில் தாமே பேசிக் காய்கறி வாங்கவும் விட்டால், தனியே நடமாடும் துணிவு அவர்களுக்கு வளரும்.