கண் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு

வயது போனால் கண் மங்குவது வழமைதானே என்று எமது குடும்பங்களில் பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்புவுக்குக் கண் தெரியவில்லை என்றால், அவரை ஒரு மூலையில் இருத்தி, சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் கொடுப்பதோடு எமது கடமை முடிந்துவிடுகிறது. இடம்பெயர்ந்த வாழ்வில் இது இன்னும் எளிதாக நடக்கிறது. சொந்த வளவில் கிணற்றடியும் வேலியும் படலையும் அவருக்குக் காற்பழக்கம். கண் மங்கிய போதும் மாட்டை அவிழ்த்துக் கட்டினார். புதிய இடத்தில், தறப்பாள் கொட்டில்களின் கயிறும் கட்டையும் காலில் தட்டுப்பட, அதே மனிதர் முற்றாகப் பார்வையற்றவர் போல் ஆகிவிடுகிறார். ஆனால் அவருடைய கண்ணில் இருப்பது கண்புரை மட்டும் என்றால், பெரும்பாலும் பார்வையைத் திரும்பப் பெறலாம்.

கண்ணின் கருமணிக்குப் பின்னால் சிறிய வில்லை ஒன்று இருக்கிறது. இளமையில் அது தெளிந்த நீரைப் போன்றது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதைப் போல, வயதுடன் அந்த வில்லையும் வெளுத்து மங்கிப் போகிறது. சலரோகம் உள்ளவர்களுக்கும் கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இது முந்தியும் வரலாம். புரை கண்ணுக்கு மேலே படரும் தோல் அன்று, உள்ளே இருக்கும் வில்லையே மங்குகிறது என்பதை நாம் விளங்கிக்கொண்டால், எந்தச் சொட்டு மருந்தாலும் அதைக் கரைக்க முடியாது என்பதும் விளங்கும். நந்தியாவட்டைப் பூச்சாறு, முலைப்பால், தேன் என்று கண்ணில் விடுவதால் புரை போகாது. கிருமி புகுந்து கருவிழியில் தழும்பு விழுந்தால், தப்பியிருக்க வேண்டிய கண்ணும் போய்விடும்.

“நன்றாக முற்றட்டும், பிறகு வெட்டலாம்” என்பது பழைய காலத்துச் சத்திரசிகிச்சை முறைக்குப் பொருந்திய பேச்சு. இன்று அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. நெல்லில் கல் பொறுக்கவோ, வரம்பில் நடக்கவோ, ஆளின் முகத்தை அடையாளம் காணவோ இயலாமல் போனால் அதுவே கிளினிக்குக்குப் போகும் காலம். அளவுக்கு மீறி முற்றிய புரை சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தத்தைக் கூட்டி, கடும் வலியையும் நிரந்தர இழப்பையும் தரும். மங்கல் எல்லாம் புரையும் அல்ல. குளுக்கோமா என்ற நோயில் போன பார்வை திரும்பாது, மிஞ்சியதைத்தான் காக்கலாம். ஆகவே பரிசோதிக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. அரச வைத்தியசாலைகளில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

எமது பெற்றோர் காலத்தில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, சோடாப் போத்தலின் அடி போன்ற தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். ஓடும் வழியில் அந்தக் கண்ணாடி தவறிப்போனால் மீண்டும் இருட்டுத்தான். இன்று மங்கிய வில்லை இருந்த இடத்திலேயே செயற்கை வில்லை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இதற்கு வழி திறந்ததும் ஒரு யுத்தம்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் உடைந்து கண்ணில் பிளாஸ்ரிக் சிதறல் ஏறிய விமானிகளைப் பார்த்த ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர், அந்தப் பொருளைக் கண் பகைக்கவில்லை என்பதைக் கவனித்தார். 1949இல் இலண்டனில் முதலாவது வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த அரோலாப் இவ்வில்லைகளைச் செய்யத் தொடங்கியதும் அவற்றின் விலை பெருமளவில் குறைந்து, ஏழை நாடுகளுக்கும் எட்டியது.

வைத்தியசாலையில் நடக்கும் வேலை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் நாலு முதல் ஆறு வாரங்கள் குடும்பத்தின் பொறுப்பு. கண் நிலைப்பதும் கெடுவதும் பெரிதும் இந்த நாட்களில்தான்.

சொட்டு மருந்து

கண் தெளிந்துவிட்டது என்று நாலாம் நாளே மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெளிவு வில்லையால் வந்தது. உள்ளே இருக்கும் புண் இன்னும் ஆறவில்லை. கிருமியைத் தடுக்கவும் வீக்கத்தை அடக்கவும் தரப்படும் துளிகளை, வைத்தியர் சொன்ன கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

மருந்து விடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமே ஒப்படையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பேத்தி நல்ல தெரிவு. சில கொட்டில்களில் பெரியவர்களை விட அவர்களே ஒழுங்காகச் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். முதலில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். ஆச்சியை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு துளி விட்டால் போதும். போத்தலின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது. பிறகு இரண்டொரு நிமிடம் கண்ணை மூடியிருக்கட்டும். இரண்டு வகை மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். எழுத்துத் தெரியாத வீட்டில் ஒரு போத்தலுக்குச் சிவப்பு நூலும் மற்றதுக்கு வெள்ளை நூலும் கட்டிவிடலாம். போத்தலை மூடியுள்ள பேணியில் போட்டு, வெயில் படாத இடத்தில், தண்ணீர்ப் பானையோடு சேர்த்து வையுங்கள். அயலவருக்குக் கண் நோகிறது என்று அந்த மருந்தைக் கொடுக்கவும் வேண்டாம்.

கண்ணைக் கசக்கவே கூடாது. தூக்கத்தில் கை தானாகப் போகும் என்பதால், இரவில் கண்மூடியை ஒட்டிக்கொண்டே படுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது. உடம்புக்கு வார்த்து, முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். தலையில் வார்ப்பது அவசியமானால் பின்னால் சாய்ந்திருக்க வேறொருவர் வார்க்க வேண்டும். குளத்தில் இறங்குவதை ஒரு மாதத்துக்காவது மறந்துவிடுங்கள். அடுப்படியும் சமையலும் வேறொருவர் கையில் இருக்கட்டும், விறகுப் புகை இந்தக் கண்ணுக்கு ஆகாது.

சத்திரசிகிச்சை என்றவுடன் எமது ஆட்கள் கிரந்தி என்று சொல்லி கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒரு பத்தியம் தேவையில்லை. மீனும் முட்டையும் கீரையும் கிடைத்ததைக் கொடுங்கள், புண் ஆறச் சத்து வேண்டும். சலரோகமும் பிரசரும் உள்ளவர்கள் அவற்றுக்குரிய குளிசையை மட்டும் தவற விடக் கூடாது. மலச்சிக்கலில் முக்குவதும் விடாத இருமலும் கண்ணை வருத்தும், தாதியிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, மண்வெட்டி ஆகியவற்றை வைத்தியர் அனுமதிக்கும் வரை தொட வேண்டாம். விவசாயிக்கு இதுதான் மிகக் கடினம் என்பது எமக்குத் தெரியும். தூற்றும் களத்தில் பதரும் தூசியும் பறக்கும்போது புதுக் கண்ணோடு நிற்பது ஆபத்து. காலபோக அறுவடை முடிந்த கையோடு நாள் எடுத்தால் நல்லது. ஆனால் இந்தப் போகம், அடுத்த போகம் என்று வருடக்கணக்கில் தள்ளுவதும் சரியல்ல.

உடனே போக வேண்டியது எப்போது?

முதல் சில நாட்களில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் கண்ணீரும் வெளிச்சக் கூச்சமும் இருக்கும், நாளுக்கு நாள் குறையும். குறையாமல் வலி கூடினால், சிவப்பு ஏறினால், சீழ் வடிந்தால், வந்த பார்வை மங்கினால், மின்னலோ கறுப்புத் திரையோ தெரிந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருந்தால், கண்ணுக்குள் புகுந்த கிருமி ஓரிரு நாளில் கண்ணையே அழித்துவிடும். இரவில் போவதற்கு யாரிடம் வாகனம் கேட்பது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பேசி வையுங்கள்.

எந்தக் கண், எந்தத் திகதி, எந்த வில்லை என்று எழுதிய துண்டையும் கிளினிக் கொப்பியையும், குடும்ப அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். வேறு மாவட்டத்துக்கு மாற நேர்ந்தாலும், அதைப் பார்த்து அங்குள்ள வைத்தியர் தொடர்ந்து கவனிப்பார்.

வாசிக்கவும் ஊசி கோர்க்கவும் பெரும்பாலானோருக்குக் கண்ணாடி வேண்டிவரும். அதைக் கண் ஆறிய பின்னரே அளக்க வேண்டும். மாதங்களோ வருடங்களோ கழித்துச் சிலருக்கு மீண்டும் புகை போல மங்கும். புரை திரும்பவும் வளர்ந்துவிட்டது என்று மனம் உடைந்து இருந்துவிடாதீர்கள். எடுத்த புரை மறுபடி வருவதில்லை. செயற்கை வில்லையைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வு மங்கியிருக்கிறது. கத்தி படாமல், லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைத் திறந்துவிடுவார்கள், அன்றே வீடு வரலாம்.