குப்பத்து ஏடுகளும் கும்பினி ஏடுகளும்

பழவேற்காடு என்ற மாத்திரத்தில் நம்மவர் பலர்க்கு நினைவில் எழுவன ஒல்லாந்தர் கல்லறைகளும் பூநாரைக் கூட்டங்களுமே. சுற்றுலாச் சென்று வரும் மாணவர் அவ்விரண்டையும் கண்டு, இறாலும் நண்டும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் விடுதி மீள்வர். ஆயின் அவ்வேரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களில், கண்ணிற் படாத பிறிதொரு செல்வமும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தாரின் கணக்கு நோட்டுகள், சங்கங்களின் தீர்மானப் புத்தகங்கள், கலெக்டருக்கு விடுத்த மகஜர்களின் நகல்கள், வழக்குக் காகிதங்கள் எனத் தகரப் பெட்டியிலும் பரண்மேலும் கிடப்பன அவை. அவற்றைக் குறித்தே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

ஒல்லாந்தர் 1610-ஆம் ஆண்டை ஒட்டிப் பழவேற்காட்டிற் காலூன்றினர். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். துணிமணிகள் மட்டுமன்று, மனிதரும் அத்துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். கோட்டை இன்று புதர் மூடிய மேடாய்க் கிடக்கின்றது. கும்பினியாரின் ஏடுகளோ அழியவில்லை. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய ஐந்து நகரங்களிலுமாக அவற்றில் ஏறக்குறைய 2.5 கோடி பக்கங்கள் எஞ்சியுள்ளன. 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை ‘உலக நினைவு’ப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது. நம் எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திற்கும் அப்பெருமையிற் பங்குண்டு. விற்றவனும் வாங்கியவனும் எழுதிய கணக்கு நானூறு ஆண்டு நிலைத்தது. அதே கரையில் வலை வீசியவனுடைய சொல்லை அவ்வேடுகளில் தேடுவார்க்கு அகப்படுவது மிகச் சிறிதே.

மீனவர் எழுத்தறியாதார், ஆதலின் அவர்க்கு ஏடு ஏது என்று சிலர் வினவக் கூடும். இவ்வினா அறியாமையின்பாற்பட்டது. இவ்வேரியில் ‘பாடு’ என்றொரு வழக்கம் நெடுங்காலமாக உளது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, நீரேற்ற இறக்கத்தோடு இறால் போய்வரும் இடங்கள் சிலவே. அவ்விடங்களிற் கழி நட்டு வலை கட்டினால் பலன் மிகுதி. எல்லாரும் ஒரே நாளில் அங்குச் சென்றால் கைகலப்பில் முடியும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊரார் இன்ன நாளில் இன்னார்க்கு இன்ன இடம் என்று முறை வகுத்துக்கொண்டனர். நல்ல இடமும் மட்டமான இடமும் சுழற்சியில் அனைவர்க்கும் வரும். முறை வகுத்தால் கணக்கு வேண்டும். கணக்கு வேண்டின் ஏடு வேண்டும். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் இவ்வழக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வுநூலையே வெளியிட்டது. அந்நூல் இன்று உலகெங்கும் கிடைக்கும். ஊரார் கையிலுள்ள நோட்டோ ஒன்றே ஒன்று. அதனையும் கறையான் அறியும்.

ஒரு குப்பத்திற்குச் சென்றிருந்தபோது முதியவர் ஒருவரிடம் பழைய பாட்டுக் கணக்கைப் பற்றி வினவினேன். “ஐயா, 2004-லே தண்ணி வந்தப்போ பிள்ளைகளைத் தூக்கினோமா, நோட்டைத் தூக்கினோமா?” என்றார். அதற்கு மறுமொழி என்பால் இல்லை. பின்னர் அவரே தம் தந்தையார் காலத்துப் பங்காளிகள் பெயரை வரிசையாக ஒப்புவித்தார். அருகிலிருந்த அவர் பேரன் அவற்றில் பாதிப் பெயர்களை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான் போலும்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பாட்டு ஏடு நீதியின் ஏடு மட்டுமன்று, வேலியும் அதுவே. அதிற் பெயர் உடையார் பட்டினவ மரபினராகிய ஆடவரே. தலையிற் கூடை சுமந்து மீன் விற்கும் மகளிர் பெயர் அதிற் காணோம். ஏரியின் சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லிற் கடித்த பறியில் இடும் இருளர் பெயரும் இல்லை. பாடு இல்லாத ஊரார் தமக்கும் பங்கு வேண்டும் எனக் கேட்டதால் பூசல்களும் எழுந்ததுண்டு. ஆகவே பாட்டு நோட்டை மட்டும் பொன்போற் காத்து, அதனை எதிர்த்தார் எழுதிய மனுவைக் குப்பையில் விடுவோமாயின், கும்பினியார் செய்த பிழையையே நாமும் சிறிய அளவிற் செய்தவராவோம். இருளர் எழுதிய காகிதம் சிலவே எனின், அவர் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைத்தல் முதற்கடன்.

இவற்றாற் பயன் என்னை எனின், சட்டமே விடை கூறும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயங்களுக்கும் பொருந்துவது. நீர்நிலைகளில் மீன் கொள்ளும் சமூக உரிமையையும் அது ஏற்கின்றது. ஆயின் பழங்குடியினர் அல்லாதார் அவ்வுரிமை கோரும்போது, 13-12-2005-க்கு முன்னரே மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அவ்விடத்தைச் சார்ந்து வாழ்ந்தமையைக் காட்டல் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள், 1930-ஆம் ஆண்டுக்குச் செல்லும்! சான்றும் ஒன்று போதாது. ஒன்றுக்கு மேற்பட்டன வேண்டும். முதியோர் வாக்குமூலத்தை எழுத்தில் வடித்தலும் சான்றாகும் என்று விதிகள் கூறுவது ஆறுதலான செய்தியே. முதியோரோ நமக்காகக் காத்திருப்பாரல்லர்.

இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 11-12-1996-இல் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் சூழ்ந்த 1000 மீட்டர் எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடா என்பதும் அதில் ஒரு கட்டளை. பின்னர் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையைப் பெரிதும் மாற்றிற்று. அது வேறு கதை. தீர்ப்பு சட்ட அறிக்கைகளில் அச்சேறிவிட்டது. அத்தகைய வழக்கொன்று எழுமுன் உப்பேறிய கிணற்றைப் பற்றி ஊர்தோறும் எழுதப்படும் மனுக்களும், கைந்நாட்டு வைத்த தாள்களும், கூட்டத்திற்கு வந்தோர் பட்டியலும் எவர் வீட்டில் உள்ளன? தெற்கே எண்ணூரில், 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இருந்த கழி, பிற்காலத்து வரைபடமொன்றிற் காணப்படவில்லை என்று 2017-இல் முறையீடு எழுந்தது. பழைய படம் கையில் இருந்தமையாலன்றோ அம்முறையீட்டுக்கு நாவுண்டாயிற்று!

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதனையொத்த கழிவலை முறை உண்டு. அதனைக் கட்டுதெல் என்பர். அங்கு மீனவர் சங்கங்கள் சீட்டெடுத்து இடம் பகிரும் வழக்கத்தை அரசாங்கமே 1958-இல் விதிகளாக வெளியிட்டது. ஊர் வழக்கம் இவ்வாறு அரசாங்க ஏட்டில் ஏறியதால், கறையானுக்கு எட்டாத ஒரு படியும் அதற்கு உண்டாயிற்று.

தனி மனிதர் முயற்சியால் ஆவது யாது என்று தளர வேண்டுவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய நூல்களோடு, பிறர் எறியும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின்னர் அத்தொகுதியைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. ‘அம்பை’ என்னும் பெயரால் நாமறிந்த எழுத்தாளர் சி. எஸ். லக்ஷ்மி, மும்பையில் மகளிர் வரலாற்றுக்கென 1988-இல் ஸ்பாரோ என்னும் காப்பகத்தை நிறுவினார். மகளிரின் குரலையும் படத்தையும் ஆவணமாக மதித்தமை அதன் சிறப்பு. மீன் விற்கும் மகளிர்க்கு ஏற்ற வழியும் அதுவே.

நம் மாணவர் விடுமுறையிற் செய்யத்தக்கன சில உள. முதலாவது, மூல ஏட்டைக் கல்லூரிக்குக் கொண்டுவரலாகாது. அது ஊரின் சொத்து. நாளை வழக்கு நேரின் அவர்க்கே வேண்டும். படம் எடுத்து, ஒரு படியை ஊரிலும், ஒரு படியைப் புயல் எட்டாத தொலைவிலும், ஒரு படியை நம் நூலகத்திலும் வைக்கலாம். வழங்குவதற்கு முன் ஊர்க்கூட்டத்தின் இசைவு பெறுக. கடன் வாங்கினோர் பெயரும், குடும்பச் சண்டையின் தீர்ப்பும் அந்நோட்டுகளிற் கலந்து கிடக்கும். அவற்றை ஊரார் மறைக்கச் சொல்லின் மறைத்தலே நேர்மை. துருப்பிடித்த குண்டூசிகளையும் கம்பிகளையும் மெல்ல நீக்குக. பழந்தாளுக்குப் பளபளப்பான பிளாஸ்டிக் உறை ஒட்டுவிக்கும் ஆசை பலர்க்கு உண்டு. அது தாளைக் கொல்லும். உப்புக்காற்றுள்ள ஊராதலின் பெட்டியைத் தரையில் வையாது, சுவரையும் ஒட்டாது, மணைமேல் வைத்தல் நலம்.

நோட்டு நனைந்துவிட்டால் வெயிலிற் காயவைப்பர். தாள் சுருங்கிப் பாளமாக ஒட்டிக்கொள்ளும். நனைந்த இரண்டு நாட்களுக்குள் உறைபனியில் வைத்தால் பூஞ்சை பரவாது நிற்கும். பின்னர் ஓய்வாகப் பிரித்து, மையுறிஞ்சுந் தாளிடை வைத்து நிழலில் உலர்த்தலாம். உறைபெட்டி கிட்டும்வரை, நெகிழிப் பையிலிட்டு ஐஸ் பெட்டியில் வைத்தாலும் கேடு தாமதப்படும். மீன்பிடி ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

புகைப்படங்களாயின், அவற்றில் நிற்பவர் பெயரை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுக. மை ஊறிவிடும்.