கடல் எவ்வளவு தூரம்?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை விலங்கியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சென்ற மே மாதம் முன்னாள் மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருந்தாள். அம்மா கடலில் பாசி எடுக்கும் தொழிலாளி. குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி.

“சார், கடல்வாழ் உயிரியல் எம்.எஸ்சி. படிக்கணும். எந்த யுனிவர்சிட்டி பெருசு?”

எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் கேட்டதும் இதே கேள்விதான். பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்தேன். கடலிலிருந்து வெகுதொலைவில் வகுப்பறை. இரண்டு ஆண்டுகளும் ஃபார்மலின் பாட்டில்களில்தான் கடல் உயிரிகளைப் பார்த்தேன். ஆய்வேட்டுக்கான மீன்களை மார்க்கெட்டில் வாங்கினேன்.

“கேள்வியை மாத்துவோம்மா” என்று சொல்லி மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

முதல் கேள்வி: கடல் எவ்வளவு தூரம்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் சிதம்பரத்தில் இல்லை. பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. 1961-இல் தொடங்கிய நிலையம். பிச்சாவரம் அலையாத்திக் காடும் அருகில்தான். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தால் காயல்கள் பக்கத்தில் இருக்கும். கடலுக்கு அருகில் இருப்பது முதல் தேவை. அங்கே எந்த வகைக் கடல்சூழல் இருக்கிறது என்பது அடுத்தது.

இரண்டாவது: அங்குள்ள பேராசிரியர்கள் எதை ஆய்வு செய்கிறார்கள்? பவளப்பாறையில் விருப்பமுள்ளவர், இறால் நோய்களை மட்டுமே ஆராயும் துறையில் சேர்ந்தால் சோர்ந்துபோவார். பேராசிரியர்களின் அண்மைக் கட்டுரைத் தலைப்புகளைப் பார்க்க வேண்டும். இப்போது படிக்கும் மாணவர்களிடம், பருவத்துக்கு எத்தனை நாள் களப்பணி, படகு உண்டா, பெண்கள் விடுதி உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது: செலவு எவ்வளவு, பிறகு என்ன வழி? கட்டணத்தோடு விடுதி, களப்பயணச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை பெற சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு முக்கியம். அதில் உயிர் அறிவியல் தாளா, கடலியலும் அடங்கிய புவி அறிவியல் தாளா என்பதை எம்.எஸ்சி. முதலாண்டிலேயே முடிவு செய்வது நல்லது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், மண்டபத்தில் மையம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அதன்பின் எட்டும் தொலைவில் இருக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மீன்வள முதுநிலைப் படிப்பான எம்.எஃப்.எஸ்சி., பொதுவாக பி.எஃப்.எஸ்சி. முடித்தவர்களுக்கானது. விலங்கியல் பட்டதாரிக்கு அந்தக் கதவு திறக்காது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. நம் கடற்கரைப் பிள்ளைகள் பலருக்கு அங்கு என்ன படிப்பு இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆகவே, இந்தத் தேர்வு பன்னிரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது சொல்லத் தவறினால், மூன்றாண்டு கழித்துச் சொல்லிப் பயனில்லை.

விண்ணப்பிக்கும் முன் அம்மாவும் மகளும் பரங்கிப்பேட்டை போய்ப் பார்த்து வந்தார்கள். “பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா” என்று தயங்கியவர் அந்த அம்மா. திரும்பி வந்ததும், “நாம எடுக்குற பாசிக்கு அங்க பேரெழுதி வச்சிருக்காங்க சார். போகட்டும்” என்றார்.

இந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினேன். மாணவர்கள் குழுவுக்கு ஒரு நிறுவனமாக எடுத்துக்கொண்டு, மூன்று கேள்விகளுக்கும் விடை தேடி அட்டையில் எழுதினார்கள். எந்தப் படிப்புக்கும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் கேள்வியில் ‘கடல்’ என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.