பாட்டனாரின் மோட்டார் வண்டி

பழைய பொருளைக் கழித்துவிடுதல் எளிது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படச் செய்தல் அரிது. அவ்வரிய பணியில் கை பழகுவதோடு மனமும் பண்படும் என்பதை நான் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது உணர்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கொட்டகையில், காலஞ்சென்ற பாட்டனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று பல ஆண்டுகளாக அசையாது நின்றது. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயருடன் வெளிவந்த வண்டியே, 1961 முதல் 1971 வரை சென்னை நிறுவனம் ஒன்றால் நம் நாட்டில் இப்பெயருடன் செய்யப்பட்டது. இதன் முன்மூடி, சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முன்புறம் சாயும். ஆதலால், 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினை நாற்புறமும் எளிதில் அணுகலாம்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் அவ்வண்டியை எடைக்குக் கேட்டார். பாட்டியார் ஒன்றும் கூறாது உள்ளே சென்றுவிட்டார். அதனைக் கண்ட தந்தையார், "தம்பி, இக்கோடை விடுமுறையில் நாம் இருவரும் இதனை ஓடச் செய்வோம்" என்றார்.

நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே இயக்கலாகாது. சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறச் செய்து, கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தோம். கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினோம். துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். பழைய பிரேக்குகளில் தீங்கு விளைக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஆதலின் அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம். கிடைத்தற்கரிய உறுப்புகளைத் தந்தையார் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேடி வாங்கி வந்தார்.

வால்வுகளைச் சீர்செய்தபின், புதிய கேஸ்கட்டை வைத்து, சிலிண்டரின் தலைமூடியைப் பொருத்தினோம். அதன் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, வரிசை தவறாது, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மிக முறுக்கினால் மூடி சரியாகப் படியாது. "நான் வரும்வரை தொடாதே" என்று கூறித் தந்தையார் அலுவலகம் சென்றார்.

என் ஆவல் பொறுக்கவில்லை. நீண்ட ஸ்பானரால் ஓரத்து நட்டை முழு வலிமையோடு முறுக்கினேன். 'படக்'கென்று மரையாணி முறிந்தது! அஞ்சி நடுங்கிய நான், முறிந்த துண்டை நட்டோடு அதன் இடத்திலேயே வைத்து, ஒன்றும் நிகழாததுபோல் வெளியேறினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இப்படியே இயக்கினால் கேஸ்கட் வெடிக்கலாம், குளிர்விக்கும் நீர் சிலிண்டரில் இறங்கலாம், எஞ்சினே பாழாகலாம். பாட்டியாரின் முகம் என் கண்முன் நின்றது. விடியுமுன் தந்தையாரை எழுப்பி, "அப்பா, நான் ஒன்றை மறைத்துவிட்டேன்" என்று நடந்ததை உரைத்தேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஆணி முறிந்தது நட்டம்தான், மாற்றிக்கொள்ளலாம். நீ மறைத்ததை நான் அறியாது வண்டியை ஓட்டியிருந்தால்?" என்றார். அவ்வினா என் உள்ளத்தில் தைத்தது.

மூடியை மீண்டும் எடுத்தோம். மீந்திருந்த ஆணித்துண்டை எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் மெல்லத் திருகி எடுத்தோம். நசுங்கிய கேஸ்கட் மறுமுறை உதவாது. புதியது வரப் பத்து நாட்கள் காத்திருந்தோம். இம்முறை தந்தையார் ஸ்பானரை என்னிடமே தந்து, தாம் அருகில் நின்று வரிசையைச் சொன்னார்.

விடுமுறையின் இறுதி வாரத்தில் எஞ்சின் உயிர்பெற்று முழங்கியது. கொட்டகை வாயிலில் நின்ற பாட்டியார், "உன் தாத்தா வருகிற ஓசைபோல் இருக்கிறதடா!" என்றார்.

பதறாத காரியம் சிதறாது என்பர். பதறிச் செய்த பிழையையும், மறையாது உரைத்தால் திருத்திக்கொள்ளலாம். இதுவே அவ்வண்டி எனக்குக் கற்பித்த பாடம்.