வானத்தைப் பார்க்கக் கற்போம்

விமானக் கண்காட்சி என்பது விமானங்களைத் தரையில் வரிசையாக நிறுத்திக் காட்டுவது மட்டுமல்ல. பழையனவும் புதியனவுமான விமானங்கள் மக்கள் முன்னிலையில் பறந்து, தம் வேகத்தையும் விமானிகளின் திறமையையும் வெளிப்படுத்தும் நிகழ்வு அது. இலங்கை விமானப்படையின் 70 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2021 மார்ச் மாதம் கொழும்பு காலிமுகத்திடலில் இவ்வாறானதொரு கண்காட்சி நடந்தது. இந்தியாவின் சூரியகிரண், சாரங் சாகச அணிகளும் தேஜஸ் போர் விமானமும் அதில் பங்கேற்றன. 2024 ஒக்டோபர் 6 ஆம் திகதி சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய விமானப்படை நடத்திய காட்சியில் 72 விமானங்கள் பறந்தன. இத்தகைய நிகழ்வை ஒரு மாணவி எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண் முந்தும், காது பிந்தும்

ஒலி ஒரு கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று செக்கன்கள் எடுக்கும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் அந்த மூன்று செக்கன்களில் 750 மீற்றர் முன்னேறிவிடும். எனவே, சத்தம் வந்த திசையில் தேடினால் வெறும் வானமே தெரியும். சத்தத்துக்கு முன்னால் பார்வையைச் செலுத்த வேண்டும். சாகச விமானங்களின் பின்னால் நீளும் வெண்புகையும் இயந்திரம் எரிவதால் வருவதன்று. சூடான வெளியேற்று வாயுவில் எண்ணெயைத் தெளிக்க, அது ஆவியாகிக் குளிர்ந்து வெண்புகையாகத் தெரிகிறது.

முதிய விமானங்கள்

மெரினாவில் ரஃபேல், சுகோய் போன்ற போர் விமானங்களோடு டகோட்டா, ஹாவர்ட் ஆகிய பழைய விமானங்களும் பறந்தன. இவற்றில் டகோட்டா நமக்கு அந்நியமானதன்று. 1935 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த டீ.சி.-3 வகையைச் சேர்ந்தது அது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் நிறுவனம் இவ்வகை விமானத்தைக் கொண்டே தன் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் புறப்பட்ட அதன் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதே வகை விமானம் இரண்டாம் உலகப் போரில் படையினரையும் சுமந்தது. ஓர் இயந்திரம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை மனிதனே தீர்மானிக்கிறான்.

நம் கடல் சொல்லும் கதை

காட்சியில் குண்டுகள் விழுவதில்லை. ஆனால் போர் விமானம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மட்டக்களப்புக் கடல் அறியும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி பிரித்தானியாவின் ஹேர்மீஸ் கப்பலை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் இக்கடலில் மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பலாகவே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்றைக்கோ அதன் தளத்தில், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 50 மீற்றர் ஆழத்தில் அக்கப்பல் இன்றும் கிடக்கிறது.

அதைவிட அண்மைய நினைவுகளும் நம் வீடுகளில் உண்டு. வாவிக்கு மேலால் ஹெலிகொப்டர் ஒன்று போனால் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடுகிறார்கள். யுத்த காலத்தைக் கண்ட உம்மாவோ வாப்பாவோ ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடலாம். பிள்ளைக்கு அது வேடிக்கை. பெற்றோருக்கு அது பழைய பயம். சத்தம் ஒன்றுதான். சாகசத்தை வியக்கும் மாணவி, தன் வீட்டுப் பெரியவர்கள் ஏன் அதை வியப்பதில்லை என்றும் கேட்டறிய வேண்டும். அது பாடநூலில் கிடைக்காத வரலாறு.

தரையையும் பாருங்கள்

மெரினாவில் விமானங்கள் பத்திரமாகத் திரும்பின. பார்க்கச் சென்றவர்களிலோ ஐந்து பேர் உயிருடன் வீடு திரும்பவில்லை. பல இலட்சம் பேர் ஒரே கடற்கரையில் நண்பகல் வெயிலில் நின்றனர். காட்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றனர். வீதிகளும் ரயில் நிலையங்களும் திணறின. பலர் மயங்கி விழுந்தனர். வானத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் இடமும் நேரமும் வகுக்கப்பட்டிருந்தன. தரையில் நின்ற மக்களுக்கும் அதே அக்கறை தேவைப்பட்டது.

விமானக் காட்சிக்கு மட்டுமன்றி, நம்மூர்ப் பெருங்கூட்டங்களுக்கும் இது பொருந்தும். தண்ணீரும் குடையும் கொண்டு செல்லுங்கள். வெளியேறும் வழியை முதலிலேயே பார்த்து வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நெரிசல் கூடுவதாகத் தோன்றினால், காட்சி முடியும்வரை காத்திராமல் கிளம்பிவிடுங்கள். முதியோரையும் சிறு பிள்ளைகளையும் நடு வெயிலில் நிறுத்தாதீர்கள்.

மாணவிகளே, விமானங்களின் பெயர்களை மனனம் செய்வது எளிது. அது எப்படிப் பறக்கிறது, எதற்காகச் செய்யப்பட்டது, அதைப் பார்க்கும் மக்களின் நிலை என்ன என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் வேடிக்கை பார்த்தது கல்வியாகும்.